பெரிய இன்டேக் பைப் போட்டாச்சா? இனி எம்ஏஎஃப் டேபிள சரி பண்ணுங்க

சிங்கப்பூர்ல பழைய சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் கார் வச்சிருக்க நம்ம ஆளுங்க நிறைய பேரு பெரிய இன்டேக் பைப்ப மாட்டிட்டு "சத்தம் செம ப்ரோ"ன்னு சுத்துறாங்க, ஆனா எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூவுக்கு அந்த விஷயமே தெரியாது. எஞ்சினுக்குப் போற காத்தைச் சொல்ற எம்ஏஎஃப் சென்சார் மொத்த காத்தையும் அளக்காது, பைப் நடுவுல தன்னைத் தொட்டுட்டுப் போற காத்தை மட்டும் சூடான கம்பியால அளந்து வோல்டேஜா சொல்லும், அந்த வோல்டேஜுக்கு விநாடிக்கு எத்தனை கிராம்னு ஈசியூ ஒரு டேபிள்ல பாத்துக்கும். உள்விட்டம் 60 மி.மீ. இருந்தது 70 ஆனா பரப்பு 1.36 மடங்கு. வோல்டேஜ் அதே, காத்து அதிகம், பெட்ரோல் மட்டும் பழைய கணக்குல. எஞ்சின் லீனா, அதாவது காத்துக்கு ஏத்த பெட்ரோல் இல்லாம ஓடும், டர்போ வண்டில அது பிஸ்டனுக்கே உலை வைக்கும்.

ஸ்பேனர எடுக்குறதுக்கு முன்னாடி ஒன்மோட்டரிங் தளத்துல எந்த மாத்தத்துக்கு எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) அனுமதி வேணும்னு பாத்துடுங்க. 10 வருஷம் தாண்டுன வண்டிக்கு வருஷா வருஷம் இன்ஸ்பெக்ஷன் இருக்கு, அதனால ஒரிஜினல் ஏர்பாக்ஸ தூக்கிப் போட்றாதீங்க.

என்ன வேணும்: டாக்ட்ரிக்ஸ் ஓப்பன்போர்ட் 2.0 கேபிள், ஈசியூஃப்ளாஷ் (ஈசியூவ படிக்க, எழுத), ரோம்ரைடர் (டேபிள் திருத்த, லாக் எடுக்க), ஒரு வைட்பேண்ட் (காத்து-பெட்ரோல் விகிதம் காட்டுற மீட்டர்). மலிவான ப்ளூடூத் டாங்கிள் பக்கம் போகவே போகாதீங்க, லாக் பண்ற, அதாவது ஓடும்போது சென்சார் நம்பர பதிவு பண்ற வேகம் பத்தாது.

1. மொதல்ல ஒரிஜினல் ரோம (ஈசியூக்குள்ள இருக்க ப்ரோக்ராம்) படிச்சு ரெண்டு எடத்துல சேவ் பண்ணுங்க. அப்புறம் எம்ஏஎஃப் டேபிள் முழுசையும் 1.36-ஆல பெருக்கி ஏத்துங்க, இது ஆரம்பப் புள்ளிதான். பழைய மாடல்ல டாஷ்போர்டுக்கு அடியில இருக்க பச்சை கனெக்டர சேத்தாதான் ஃப்ளாஷ் ஆகும். மல்டி ஸ்டோரி கார்பார்க்ல ப்ளக் பாயிண்ட் தேட முடியாது, லேப்டாப் ஃபுல் சார்ஜ்ல இருக்கட்டும், ஏர்கான் ப்ளோவர், லைட் எல்லாம் ஆஃப்.

2. லீக் செக். சென்சாருக்கு அப்புறம் எங்கயாவது காத்து உள்ள வந்தா ஐடில்ல மட்டும் கரெக்‌ஷன் ப்ளஸ்ல நிக்கும் (ஈசியூ அப்பப்போ பெட்ரோல எத்தனை சதவீதம் கூட்டுது, குறைக்குதுங்கறதுதான் அது), வேகம் எடுத்தா குறைஞ்சிடும். அப்படி இருந்தா டேபிளைத் தொடாதீங்க, க்ளாம்ப டைட் பண்ணுங்க.

3. லாக் எடுக்குறது. எம்ஏஎஃப் வோல்டேஜ், ஏ/எஃப் கரெக்‌ஷன், ஏ/எஃப் லேர்னிங் (ஈசியூ கத்துக்கிட்டு ஞாபகம் வச்சிருக்க திருத்தம்), ஏர் டெம்பரேச்சர், த்ராட்டில். எஞ்சின் நல்லா சூடான பிறகு பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல மிதமா, பெடல ஒரே நிலைல வச்சு ஓட்டுங்க, லேப்டாப்ப பக்கத்துல இருக்கவரு பாத்துக்கட்டும். பெடல் சட்டுனு அசையுற எடம், ஜாம்ல நின்னு காத்து சூடு 50 டிகிரி தாண்டுற எடம் ரெண்டையும் லாக்லேர்ந்து தூக்கிடுங்க. மதியம் ஜாம்ல எடுத்த லாக்க வச்சு ட்யூன் பண்ணா ராத்திரி ஓட்டும்போது எல்லாம் தப்பா இருக்கும்.

4. இங்கதான் எல்லாரும் மாட்டுவாங்க. ஒரு வோல்டேஜ்ல கரெக்‌ஷனும் லேர்னிங்கும் கூட்டுனா எவ்ளோன்னு பாருங்க. 1.80 வோல்ட்ல டேபிள் 15 கிராம், கூட்டல் +10 சதவீதம்னா 16.5 ஆக்கணும், அவ்ளோதான். ஆனா அதே 1.80 வோல்ட்ல ஒரு தடவை +10, இன்னொரு தடவை -4ன்னு வந்தா அது டேபிள் பிரச்சனையே இல்ல, காத்து பைப்புக்குள்ள சுழலுது. வளைவ ஒட்டி சென்சார் இருந்தா இப்படித்தான் ஆகும். சென்சார் உக்கார கோணத்த கொஞ்சம் திருப்புங்க, இல்ல முன்னாடி தேன்கூடு மாதிரி ஸ்ட்ரெயிட்னர் போடுங்க, அப்புறம் மறுபடி லாக். இத விட்டுட்டு எத்தனை ராத்திரி நம்பரோட மல்லுக்கட்டுனாலும் ஒண்ணும் நடக்காது. திருத்துன டேபிள க்ராஃபா பாத்தா மேடு பள்ளம் இல்லாம வழவழன்னு ஏறணும்.

5. ஃபுல் த்ராட்டில்ல ட்ரிம் நம்பர (மேல கூட்டுன அந்த ரெண்டும்தான்) பாத்து திருத்த முடியாது, வைட்பேண்ட்தான். ரோட்ல வேணாம், டைனோ (வண்டிய ஒரே எடத்துல வச்சு ஓட்டிப் பாக்குற மெஷின்) இருக்க வொர்க்‌ஷாப்ப பிடிங்க.

அப்டேட்: "க்ரூஸ் ஓகே, ஆனா புல்லிங்ல ரிச்சா போகுது"ன்னு, அதாவது முழுசா மிதிச்சா பெட்ரோல் அதிகமா போகுதுன்னு சிலர் கேட்டாங்க. லேர்னிங்ல காத்தோட அளவைப் பொறுத்து நாலு ரேஞ்ச் இருக்கு, கடைசி ரேஞ்ச்ல கத்துக்கிட்டத ஈசியூ ஃபுல் த்ராட்டில்லயும் சேத்துடும். அது பூஜ்யத்துக்கு பக்கத்துல வர்ற வரைக்கும் டைனோக்கு காசு கொடுக்காதீங்க. எண்ணெய் தடவுற ஃபில்டர் போட்டவங்க, கம்பில எண்ணெய் படிஞ்சிருக்கான்னும் பாத்துடுங்க, எம்ஏஎஃப் க்ளீனர் ஸ்ப்ரே மட்டும் அடிங்க, துணி வச்சு துடைக்காதீங்க.