பேரோல் வேலை இன்டர்வியூவில் சம்பளம் பேசுவது எப்படி?

"எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்று எச்.ஆர். கேட்கும்போது இன்டர்வியூ முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சேல்ஸ் வேலைக்கு வந்தவர் "மாசம் நாற்பது வேணும்" என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பேரோல் வேலைக்கு, அதாவது ஊழியர்களின் சம்பளக் கணக்கைப் போடும் வேலைக்கு, வந்தவர் அதையே சொன்னால், எந்த நாற்பது என்று கேட்பார்கள். சி.டி.சி.யா (உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு), கிராஸா (பிடித்தங்களுக்கு முந்தைய சம்பளம்), கைக்கு வருவதா? தன் சம்பளத்தையே பிரித்துச் சொல்லத் தெரியாதவரை நம்பி ஐந்நூறு பேரின் சம்பளத்தை ஒப்படைக்க யாருக்கும் மனம் வராது.

அதனால் கணக்கை இன்டர்வியூவுக்கு முதல் நாளே எக்ஸெலில் போட்டுவிடுங்கள். சென்னையில் ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் சி.டி.சி. என்று வையுங்கள். மாதத்துக்கு 40,000. இதில் 10 சதவீதம் வேரியபிள் (வேலையின் பலனைப் பொறுத்துத் தனியாகத் தருவது) என்றால் 4,000 ரூபாய் மாதச் சம்பளத்தில் வராது. பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 20,000 என்றால், கம்பெனி தரப்பு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 15,000 உச்சவரம்புக்கு 12 சதவீதம், அதாவது 1,800. பி.எஃப். நிர்வாகக் கட்டணம், இ.டி.எல்.ஐ. (பி.எஃப்.-ஓடு சேர்ந்த ஆயுள் காப்பீடு) இரண்டுக்குமாக 150. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) பேசிக்கில் 4.81 சதவீதம், 962. இவை எல்லாம் போக கிராஸ் 33,088. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,800 பிடிப்பார்கள். தொழில்வரி அரையாண்டுக்கு 1,250, மாதத்துக்குப் பிரித்தால் 208. கைக்கு வருவது 31,080. புதிய வரி முறையில் இந்தத் தொகைக்கு வருமான வரி வராது. 40-க்கும் 31-க்கும் உள்ள இந்த இடைவெளியை அறியாமல் சரி என்று தலையாட்டியவர்கள் முதல் பே ஸ்லிப் வந்த அன்றுதான் விழிக்கிறார்கள்.

பி.எஃப். உச்சவரம்புக்கா, முழு பேசிக்குக்கா என்று கேட்காமல் விடாதீர்கள். முழு பேசிக்குக்கு என்றால் இருபக்கமும் 2,400 ஆகும். கைக்கு வருவது ஏறத்தாழ 1,200 குறையும். உங்கள் கணக்கில்தான் சேர்கிறது, நஷ்டமில்லை. ஆனால் வீட்டு வாடகை கட்ட அது உதவாது.

பேசிக் எத்தனை சதவீதம் என்பதும் இப்போது வெறும் சம்பிரதாயக் கேள்வி இல்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, ஊதிய வரையறையில் சேராத படிகள் மொத்தத்தில் 50 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியமாகவே கருதப்படும். பேசிக்கை 30 சதவீதத்தில் வைத்த பழைய ஸ்ட்ரக்சரில் ஆஃபர் வந்தால், கிராஜுவிட்டியை எதன்மேல் கணக்கிட்டார்கள் என்று பணிவாகக் கேளுங்கள். சம்பளம் பேசுகிற சாக்கில் தொழில் தெரிந்தவர் என்பதும் பதிவாகிவிடும்.

தொகையைச் சொல்வதற்கு முன் வேலையின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை ஊழியர்கள், எத்தனை மாநிலங்கள் (தொழில்வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும்), டி.டி.எஸ். (சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரி) 7-ஆம் தேதிக்குள்ளும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) 15-ஆம் தேதிக்குள்ளும் கட்டுவது யார் பொறுப்பு, ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் (விலகுகிறவரின் கடைசிக் கணக்கு) யார் போடுவது, அமெரிக்க பேரோலுக்காக நைட் ஷிஃப்ட் உண்டா? ஒரே ஊரில் 150 பேருக்குப் போடுவதும் ஐந்து மாநிலங்களில் 1,200 பேருக்குப் போடுவதும் ஒரே சம்பளத்துக்கான வேலை இல்லை.

பிறகு இப்படிச் சொல்லலாம்: "இந்த வேலை அளவுக்கு 5.2-ல இருந்து 5.6 லட்சம் ஃபிக்ஸட் எதிர்பார்க்கிறேன் மேடம். வேரியபிள், கம்பெனி பி.எஃப்., கிராஜுவிட்டி இதுல சேராது." ரேஞ்ச் சொன்னால் கீழ்த்தொகையைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அதனால் 5.2 உங்களுக்கு நிஜமாகவே கட்டுப்படியாக வேண்டும். 4 முதல் 6 லட்சம் என்று அகலமாகச் சொன்னால் 4 என்றுதான் எழுதிக்கொள்வார்கள்.

தற்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். மூன்று மாத பே ஸ்லிப்பும் பேங்க் ஸ்டேட்மென்டும் கேட்பார்கள், யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) பாஸ்புக்கில் பி.எஃப். ஊதியமும் தெரியும். இன்னொரு சோதனையும் உண்டு. "உங்க டீம் லீடருக்கு அங்க எவ்வளவு?" என்று போகிறபோக்கில் கேட்பார்கள். சொல்லிவிட்டால், நாளை இவர்களின் சம்பளத்தையும் வெளியே சொல்வீர்கள் என்று பொருள். "அது நான் சொல்லக் கூடாத விஷயம் சார்" என்று சிரித்தபடி நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்டவருக்கு உங்கள்மேல் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

புதிதாகச் சேருபவர்கள் இ.எஸ்.ஐ. எல்லையைக் கவனிக்க வேண்டும். மாத ஊதியம் 21,000 வரை இருந்தால் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், குடும்பத்துக்கும் மருத்துவ வசதி கிடைக்கும். 20,500-க்குப் பதில் 21,500 என்று பேசி முடித்தால் அந்த வசதி போய்விடும். கூடும் ஆயிரத்தில் 500 ரூபாய்க்கு மேல் ஹெல்த் இன்ஷூரன்ஸுக்கே போனாலும் வியப்பில்லை. குரூப் இன்ஷூரன்ஸ் உண்டா, பெற்றோரும் அதில் அடங்குவார்களா என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

பேசியது எதுவாக இருந்தாலும் ஆஃபர் லெட்டரின் பின்னிணைப்பில் மாதவாரிப் பிரிப்பாக வர வேண்டும். வேரியபிள் எப்போது தருவார்கள், பணம் போடும் தேதியில் வேலையில் இருந்தால்தான் உண்டா, ஜாயினிங் போனஸை எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற மூன்றையும் படித்துப் பார்த்து, இல்லாததை மெயிலில் கேட்டு வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.