கான்ஃபிக் கோப்பில் # போட்ட வரியை நம்பலாமா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடை; பில் கணக்கெல்லாம் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில். காலை 7:30-க்குப் போட்ட தோசை பில், விற்பனை அறிக்கையில் முதல் நாள் கணக்கில் போய் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் இருப்பவரைக் கோபித்துப் பயனில்லை. போஸ்ட்கிரெஸின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பான போஸ்ட்கிரெஸ்கியூஎல்.கான்ஃபில், நேர மண்டலத்தைச் சொல்லும் டைம்ஸோன் வரியைப் பாருங்கள். "டிஃபால்ட்தானே, எழுதாவிட்டாலும் நிரல் இதைத்தான் எடுக்கும்" என்று யாராவது அதற்கு # போட்டிருக்கலாம்; # போட்ட வரியை நிரல் படிக்காது.

அங்கே இருந்த 'ஏசியா/கோலாலம்பூர்' டிஃபால்ட் அல்ல. டேட்டாபேஸை முதலில் அமைத்தபோது இனிட்டிபி (initdb) என்ற கருவி, சர்வரின் நேர மண்டலத்தைப் பார்த்து எழுதி வைத்தது அது. நிரலுக்குள் இருக்கும் டிஃபால்ட் ஜிஎம்டி என்ற கிரீன்விச் நேரம். டேட்டாபேஸோடு இணையும் நிரலான க்ளையன்ட் தன் பங்குக்கு நேர மண்டலம் எதையும் அனுப்பாவிட்டால், ரீலோட் ஆனதும் (கோப்பு மறுபடி படிக்கப்பட்டதும்) கடிகாரம் 8 மணி நேரம் பின்னே போகும்: காலை 7:30, நேற்றிரவு 23:30.

ஆகவே, உங்களுக்கு வேண்டிய மதிப்பு டிஃபால்ட்டாகவே இருந்தாலும் # இல்லாமல் எழுதுங்கள். டிஃபால்ட் மாறக்கூடியது. சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 2015-இல் 7.0-க்கு வந்தபோது, ரூட் என்ற நிர்வாகிக் கணக்கு நேராக நுழையலாமா என்று சொல்லும் பெர்மிட்ரூட்லாகினின் டிஃபால்ட் 'எஸ்'-இலிருந்து (yes) 'ப்ரொஹிபிட்-பாஸ்வேர்ட்' (பாஸ்வேர்ட் கூடாது) ஆனது. பழைய கோப்பில் '#பெர்மிட்ரூட்லாகின் எஸ்' என்றே கிடக்கும். அப்டேட் முடிந்ததும் ரூட்டுக்குப் பாஸ்வேர்ட் செல்லாது.

மாதிரிக் கோப்பு எழுதித் தருபவர் நீங்கள் என்றால், அமைப்பு வரிக்கு # ஒட்டியும், விளக்கத்துக்கு # போட்டு ஒரு இடைவெளி விட்டும் எழுதுங்கள். # ஒட்டிய மதிப்பு நிரலின் டிஃபால்ட்டாகவே இருக்க வேண்டும். கையால் தட்டாமல் நிரலிலிருந்தே உருவாக்குவது உத்தமம். வெறும் எடுத்துக்காட்டு என்றால் அப்படியே சொல்லிவிடுங்கள்.

மதிப்பை மாற்றும்போது பழைய வரியை # போட்டுச் சேர்த்து வைக்காதீர்கள். அதற்குத்தான் பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கிட் இருக்கிறது. கோப்பில் இருக்க வேண்டியது காரணம் மட்டும்.

ஒரே அமைப்பு இரண்டு முறை வந்தால்? ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் சர்வர் நிரலான எஸ்எஸ்ஹெச்டி முதல் வரியை எடுக்கும், போஸ்ட்கிரெஸ் கடைசி வரியை. கோப்பின் அடியில் புது வரி சேர்க்கும் பழக்கம் எஸ்எஸ்ஹெச்டியிடம் பலிக்காமல் போவது இதனால்தான்.

கோப்பை நீங்களே படித்து முடிவுக்கு வராமல், நிரலையே கேளுங்கள். எஸ்எஸ்ஹெச்டியைச் சின்ன 'டி' (-t) சுவிட்சுடன் ஓட்டினால் எழுத்துப்பிழையைக் காட்டும். பெரிய 'டி' (-T), கோப்பிலிருந்து அது எடுத்துக்கொள்ளும் மதிப்புகளை எல்லாம் கொட்டும். போஸ்ட்கிரெஸில் பிஜி_செட்டிங்ஸ் என்ற அமைப்புப் பட்டியலைப் பாருங்கள்: மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சோர்ஸ் பத்தி சொல்லும். கோப்பை மாற்றியும் மதிப்பு மாறவில்லையா? பெண்டிங்_ரீஸ்டார்ட் பத்தியைக் கவனியுங்கள். நினைவக ஒதுக்கீட்டைச் சொல்லும் ஷேர்ட்_பஃபர்ஸ் போன்றவை ரீலோடுக்கு அசையாது, ரீஸ்டார்ட்தான். அதுவும் இல்லையென்றால், முன்பு யாரோ ஆல்டர் சிஸ்டம் என்ற கட்டளையைக் கொடுத்திருக்கலாம். அது வேறு கோப்பில் உட்கார்ந்து உங்கள் வரியை மீறிக்கொண்டிருக்கும்.