மகள் வளர்வதைக் குறித்து வைப்பது எப்படி? தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

பிள்ளை பிறந்ததும் சிங்கப்பூரில் நம் கைக்கு வரும் சுகாதாரக் கையேட்டில் எடை, உயரம், தலைச் சுற்றளவு, தடுப்பூசி எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் மின்தூக்கியில் தன் மாடிக்கான பொத்தானை மகள் தானே எட்டி அழுத்த முயன்றதை எழுத அதில் இடமில்லை. தோசையைத் தானே பிய்த்துச் சட்னியில் தொட்டதற்கும், புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் சீனப் பாட்டிக்கு யாரும் சொல்லாமலே கையசைத்ததற்கும் இல்லை. அவற்றுக்கு நாம்தான் ஓர் ஏடு போட வேண்டும். பாலர் பள்ளிக்குப் போகும் மகளுக்காக நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். எழுதிப் பழக்கமே இல்லாதவருக்கும் இது கைவரும்.

படி 1: ஏட்டைத் தேர்ந்தெடுங்கள்

கோடு போட்ட சாதாரணப் பள்ளி நோட்டு போதும். தங்க எழுத்து பொறித்த குழந்தை ஆல்பம் பரிசாக வந்திருந்தால் அதை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். அதில் அடித்துத் திருத்த மனம் வராது, எழுதவும் வராது. நோட்டைச் சமையலறையில், பேனாவைக் கட்டித் தொங்கவிட்டு வையுங்கள். எழுந்து போய்த் தேட வேண்டிய நோட்டில் எவரும் எழுதுவதில்லை.

படி 2: அன்றிரவே எழுதுங்கள்

தேதி, இடம், உடன் இருந்தவர். பிறகு நான்கே வரி. நேரம் இல்லையென்றால் கைப்பேசியில் குரலைப் பதிந்துவிட்டு வார இறுதியில் நோட்டுக்கு மாற்றுங்கள்.

படி 3: கண்டதை எழுதுங்கள், பாராட்டை அல்ல

முழுச் செய்முறையும் இந்த ஒரு படியில்தான் நிற்கிறது. ‘இன்று செல்லம் மின்தூக்கிப் பொத்தானை அழுத்தினாள், பெருமையாக இருந்தது’ என்று எழுதினால் அது எந்த வீட்டுக் குழந்தைக்கும் பொருந்தும். எங்கள் நோட்டில் இருப்பது இப்படி:

‘மஞ்சள் செருப்பு. குதிகாலைத் தூக்கிக்கொண்டு, ஒரு கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி எட்டினாள். 6 எட்டியது, 7 எட்டவில்லை. நாம் இருப்பது 7இல். ஆறாம் மாடிக்கே வீடு மாறிவிடலாமா என்று கேட்டாள். உடன் வந்த மலாய்க்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்.’

இதில் ‘மகிழ்ச்சி’ என்ற சொல்லே இல்லை. தேவையும் இல்லை. கை என்ன செய்தது, கால் எங்கே இருந்தது, எது எட்டவில்லை என்று எழுதுங்கள். முழுதாக நடந்ததைவிடப் பாதி நடந்ததில்தான் குழந்தையின் சாயல் அதிகம் தெரிகிறது என்பது என் கட்சி. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்ற காலை, சரியாகப் போட்ட காலையைவிடப் பதிவுக்கு உகந்தது.

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுங்கள். வாழைப்பழம் ‘வாயப்பயம்’ ஆனால் அப்படியே இருக்கட்டும். பாதி வாக்கியம் ஆங்கிலத்தில் வந்திருந்தால் அதைத் தமிழாக்க வேண்டாம்; சிங்கப்பூர்ப் பிள்ளைகள் அப்படித்தான் பேசுகிறார்கள்.

படி 4: உயரத்தை முறையாக அளவெடுங்கள்

கதவு நிலையில் பென்சில் கோடு போடுவது அழகுதான். வாடகை வீட்டிலும், விற்கப்போகும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலும் அது அடுத்த சாயப்பூச்சோடு போய்விடும். நீளமான தாள் ஒன்றை, அதன் அடிவிளிம்பு தரையில் சரியாக ஊன்றும்படி சுவரில் ஒட்டிக் கோடுகளை அதில் போடுங்கள். வீடு மாறினால் சுருட்டி எடுத்துப் போகலாம்.

வெறுங்கால், அவிழ்த்த பின்னல், சுவரைத் தொடும் குதிகால், நேர்ப்பார்வை. கெட்டி அட்டைப் புத்தகத்தின் ஒரு விளிம்பைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து உச்சந்தலை வரை இறக்கிக் கோடு போடுங்கள். எப்போதும் ஒரே நேரத்தில் அளவெடுங்கள். காலையில் எல்லாருமே சற்று உயரம். இரண்டு வயதுக்குள் படுக்க வைத்துத்தான் அளப்பார்கள். நிற்க வைத்து அளக்கத் தொடங்கும்போது ஏறத்தாழ 0.7 செ.மீ. குறைந்ததுபோல் தெரியும். பிள்ளை குட்டையாகிவிட்டாள் என்று மாமியாரைக் கலங்க விடாதீர்கள்.

தாளில் 90 செ.மீ. இடத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டுவையுங்கள். எம்ஆர்டி ரயிலிலும் பஸ்ஸிலும் 0.9 மீட்டர் வரைதான் அட்டை இல்லாமல் இலவசம். அதைத் தாண்டிய பிள்ளைக்கு ஏழு வயது நிறையும்வரை இலவசமாகப் பயணம் செய்யச் சிறுவர் சலுகை அட்டை எடுக்க வேண்டும். தன் பெயரில் ஓர் அட்டை, அதைத் தானே தட்டி நுழைவாயிலைத் திறப்பது. சின்னஞ்சிறுமிக்கு இதைவிடப் பெரிய பதவி கிடையாது. அன்று நான்கு வரி போதாது, ஒரு பக்கம் எழுதுங்கள்.

படி 5: ஒப்பீட்டை நோட்டுக்கு வெளியே வையுங்கள்

தோழி மகள் பத்து மாதத்தில் நடந்தாளாம், நம்முடையவள் இன்னும் நடக்கவில்லையே என்பதற்கு இந்த ஏட்டில் இடம் கொடுக்காதீர்கள். துணையின்றி நடப்பது சுமார் 8 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் பல நாட்டுக் குழந்தைகளைப் பார்த்துச் சொல்லியிருக்கிறது. சில குழந்தைகள் தவழாமலே நடந்துவிடுகின்றன. உண்மையிலேயே கவலை இருந்தால், பலதுறை மருந்தகத்தில் வளர்ச்சிப் பரிசோதனைக்குப் போகும்போது கேட்டுவிடுங்கள். அதற்குத்தான் அந்தச் சந்திப்புகள்.

படி 6: கெட்டுப்போகும் பொருள்களைக் காப்பாற்றுங்கள்

சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊர் இது. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த படங்கள் ஒட்டிக்கொள்ளும், தாளை ராமபாணப் பூச்சி தின்னும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். கர்ப்பகால ஸ்கேன் படம் பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சாவதால் சில ஆண்டுகளில் மங்கிவிடும். காப்பாற்றுகிறேன் என்று சூடான லேமினேஷன் செய்தால் முழுக்கக் கறுத்துவிடும். இன்றே கைப்பேசியில் படமெடுத்துவிடுங்கள்.

படி 7: ஒரு பக்கம் காலி விடுங்கள்

வலப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். மாதம் ஒருமுறை எழுதிய பக்கங்களைப் படமெடுத்து ஊரிலிருக்கும் தாத்தா பாட்டிக்கு மட்டும் அனுப்புங்கள். பெயரும் பள்ளிச் சின்னமும் தெரியும் படங்கள் ஊருக்கெல்லாம் போக வேண்டாம். தாத்தா பாட்டி சும்மா இருக்க மாட்டார்கள். ‘நீயும் இந்த வயதில் இப்படித்தான், கொடியில் காயும் துண்டை எட்ட நாற்காலியை இழுத்துப் போட்டாய்’ என்று என் அம்மாவிடமிருந்து குரல்பதிவு வருகிறது. அதை எழுதிக்கொள்ளத்தான் இடப்பக்கம்.