பஸ் வைஃபை அறுந்தது ஏன்?

நான் பராமரிக்கும் தொலைதூர பஸ் ஒன்றில் வைஃபை அடிக்கடி அறுந்தது. எல்லோரும் சிம் கார்டையே சந்தேகித்தார்கள். ரௌட்டரின் பதிவுகளோ வேறு கதை சொல்லின: இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் அது அணைந்து எழுந்திருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் கணத்தில் 24 வோல்ட் பேட்டரியின் மின்னழுத்தம் சட்டெனச் சரியும். அந்தச் சரிவைத் தாங்கி ரௌட்டருக்குச் சீரான மின்னழுத்தம் தரும் டிசி கன்வர்ட்டர் பொருத்தியதும் அறுபடுவது நின்றது.

வேகம் மட்டும் போதவில்லை. ஆன்டெனா ஓட்டுநர் தலைக்கு மேலிருந்த தகரப் பெட்டிக்குள் அடைபட்டிருந்தது, யார் வைத்தார்களோ! கூரைமேல் இரண்டு ஆன்டெனாக்களை இடைவெளி விட்டு நிறுத்தி, கேபிளையும் குட்டையாக்கினேன். 2300 மெகாஹெர்ட்ஸ் 4ஜி அலைவரிசையில் நீண்ட கேபிளே சிக்னலைத் தின்றுவிடும். பயணிகளுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையையும் திறந்துவிட்டேன். இப்போது கடைசி இருக்கையிலும் பாடக் காணொளி தடையின்றி ஓடுகிறது.