ஓசூர் கம்பெனி இன்ஷூரன்ஸ்: பணம் கைவிட்டுப் போகும் இடங்கள்

சிப்காட்டில் வேலைக்குச் சேரும் அன்று நீட்டப்படும் காகிதங்களில் கம்பெனி மருத்துவக் காப்பீட்டுக்கான குடும்ப விவரப் படிவமும் இருக்கும். "அம்மா, அப்பா பேரை அப்புறம் சேர்த்துக்கலாம்" என்று அதை விட்டுவிடாதீர்கள். ஊழியர்களுக்காகக் கம்பெனி எடுக்கும் பல குரூப் பாலிசிகளில் பெற்றோரைச் சேர்க்க அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்க வேண்டும். புதுமணத் துணையையும் பிறந்த குழந்தையையும் நடுவில் சேர்க்கலாம். அதற்கும் பெரும்பாலும் 30 நாள்தான் கெடு. பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். பாலிசியில் "கே. செல்வி", ஆதாரில் "செல்வி குமார்" என்றிருந்தால் அட்மிஷன் கவுன்டரிலேயே கேஷ்லெஸ் (நீங்கள் பணம் கட்டாமல், இன்ஷூரன்ஸ் நிறுவனமே நேரடியாக ஆஸ்பத்திரிக்குக் கட்டும் வசதி) இழுபடும்.

அதிகப் பணம் போவது அறை வாடகையில். காப்பீட்டுத் தொகை 3 லட்சம், அறைக்கு நாளுக்கு அதில் 1 சதவீதம் என்றால் வரம்பு 3,000 ரூபாய். 6,000 ரூபாய் அறையில் 4 நாள் இருந்தால் 12,000 மட்டும் கையிலிருந்து போகும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வாடகையில் பாதி கழிவதுபோல டாக்டர், நர்சிங், ஆபரேஷன் தியேட்டர் கட்டணங்களிலும் பாதி கழியும். அவை 1 லட்சம் என்றால் உங்கள் பங்கு மொத்தம் 62,000! மருந்து, இம்ப்ளான்ட் (உடலுக்குள் பொருத்தும் கருவி) செலவில் பொதுவாக இந்தக் கழிவு இல்லை. அட்மிஷனுக்கு முன்பே வரம்பைச் சொல்லி, அதற்குள் அறை கேளுங்கள்.

அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு ஆஸ்பத்திரிக்குப் போவதானால், அது நெட்வொர்க்கில், அதாவது கேஷ்லெஸ் தரும் ஆஸ்பத்திரிகளின் பட்டியலில், இருக்கிறதா என்று அன்றைக்கே டி.பி.ஏ.வுக்கு (இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்காக க்ளெய்ம்களைக் கவனிக்கும் நிறுவனம்) போன் போட்டுக் கேளுங்கள். பழைய பட்டியலை நம்ப வேண்டாம்.

சம்பளம் 21,000 தாண்டியதும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) அட்டையைத் தூக்கிப்போடுவது இன்னொரு பெரிய தவறு. ஓவர்டைம் பணம் இந்த வரம்புக் கணக்கில் சேராது. ஜூனில் சம்பளம் 22,000 ஆனாலும் செப்டம்பர் முடியும்வரை மாதம் 0.75 சதவீதம், அதாவது 165 ரூபாய், பிடிப்பார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால் அடுத்த ஆண்டு ஜூன் 30 வரை வைத்தியம் உங்கள் உரிமை. அதைக் கேட்டு வாங்குங்கள்.

வேலையை விட்டால் கம்பெனி பாலிசி பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி உண்டு. ராஜினாமா கடிதம் கொடுத்த வாரமே ஹெச்.ஆரிடம் பாலிசி எண்ணையும் அதில் சேர்ந்த தேதியையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு விண்ணப்பியுங்கள்.