ஏர் ரைஃபிள் பெல்லட்டைப் பொறுக்கிச் சோதிப்பது எப்படி?

10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழக வருகிறவர்கள் கோட் எங்கே கிடைக்கும், ஷூ என்ன விலை என்று கேட்பார்கள். பெல்லட்டைப் பற்றி, அதாவது அந்தச் சின்ன ஈயக் குண்டைப் பற்றிப் பெரும்பாலும் கேட்பதில்லை. இலக்கின் நடுவிலுள்ள 10 வளையம் வெறும் 0.5 மில்லிமீட்டர். 10.1, 10.2 என்று தசமத்தில் புள்ளி எண்ணும்போது 0.1 என்பது 0.25 மில்லிமீட்டர் நகர்வு. இவ்வளவு நுணுக்கமான ஆட்டத்தில் நம் குழலுக்குப் பொருந்தாத பெல்லட்டைப் போட்டுவிட்டு, கையைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

முதலில் டப்பாவை வெள்ளைத் துணியில் மெதுவாகக் கவிழ்த்துக் கொட்டுங்கள். உயரத்திலிருந்து கொட்டினால் ஈயம் நசுங்கும். ஒவ்வொன்றையும் திருப்பி, பின்பக்கத்து மெல்லிய விளிம்பைப் பாருங்கள். காற்றழுத்தம் பிடித்துத் தள்ளுவது அங்கேதான். விளிம்பு நெளிந்திருந்தாலோ பிசிறு இருந்தாலோ தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள், பயிற்சிக்குக்கூட வேண்டாம். தலை தட்டையாக, வடுவின்றி இருக்க வேண்டும்.

அடுத்து எடை. போட்டி பெல்லட் ஏறக்குறைய 0.53 கிராம் இருக்கும். மில்லிகிராம் காட்டும் தராசு கிடைத்தால் நிறுத்துப் பிரியுங்கள். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். எடையைவிடத் தலை அளவுதான் முக்கியம் என்பது என் கருத்து. 4.49, 4.50, 4.51 என்று மில்லிமீட்டரில் டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள். உங்கள் ரைஃபிளுக்கு எது சேரும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அந்தச் சோதனையை இப்படிச் செய்யுங்கள். ரைஃபிளின் முன்கட்டையை மணல் பையில் வையுங்கள். குழல் எதன்மேலும் படக்கூடாது. சிலிண்டரில் அழுத்தம் போதுமான அளவு இருக்கட்டும். வேறு அளவுக்கு மாறும்போது முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், குழல் பழக வேண்டும். அப்புறம் ஒரே அட்டையில், ஒரே புள்ளியைக் குறிவைத்து ஐந்து குண்டுகள். ஓட்டைகளின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம்வரை அதிகபட்ச அகலத்தை அளந்து, அதிலிருந்து குண்டின் விட்டமான 4.5 மில்லிமீட்டரைக் கழியுங்கள். 8 மில்லிமீட்டர் வந்தால் குரூப், அதாவது குண்டுகள் சிதறிய அகலம், 3.5. இது எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு அளவுக்கும் இதைப் பல அட்டைகளில் திரும்பச் செய்யுங்கள். ஒரே ஒரு அட்டை அழகாக விழுந்ததை நம்பி மொத்தமாக வாங்கிவிடாதீர்கள்.

வாளையார், கொழிஞ்சாம்பாறை பக்கம் சுடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று திறந்த கொட்டகைக்குள் நன்றாகவே நுழையும். காற்று அடங்கியிருக்கும் காலை நேரத்தில் சோதியுங்கள். ஜூனில் மழை பிடித்ததும் ஈரப்பதம் ஏறிவிடும். டப்பாவைச் சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். ஈயத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

ஈயம் விஷம், இதில் சமரசமே கிடையாது. பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு லோடு செய்யும் பழக்கத்தை இன்றே விடுங்கள். பிரித்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ கிளாஸைத் தொடக்கூடாது. துணியை வீட்டுத் துணிகளோடு துவைக்கக்கூடாது.

ஜெயித்த அளவைக் கண்டுபிடித்தீர்களா? சரி, டப்பாவில் அச்சிட்ட லாட் எண்ணை (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கடையில் அந்த எண்ணையே கேட்டு வாங்குங்கள். தலை அளவு ஒன்றாகவே இருந்தாலும், லாட் மாறினால் ஐந்து குண்டுச் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும்.