பிரான்ஸில் கடைக்குள் நுழைந்ததும் முதலில் சொல்ல வேண்டியது

பிரான்ஸுக்குப் போகிறவர்கள் இதை மட்டுமாவது பழகிக்கொண்டு போங்கள்: எந்தக் கடைக்குள் கால் வைத்தாலும் முதலில் "போன்ஜூர்", இருட்டிவிட்டால் "போன்ஸ்வார்". பேருந்து ஓட்டுநரிடமும் அப்படித்தான். வணக்கம் சொல்லாமல் நேராக விலை கேட்டால் அங்கே அது மரியாதைக்குறைவு, எதிரில் இருப்பவர் முகமே மாறிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் முசுடு என்று நம்மவர்கள் சொல்வதில் பாதிக்கு இதுதான் காரணம் என்பேன்.

பேக்கரியில் வெறும் பகெட் (நீளமான பிரெஞ்சு ரொட்டி) கேட்காமல் "போன்ஜூர், உய்ன் த்ரதிசியோன், சில் வூ ப்ளே" என்று கேளுங்கள். த்ரதிசியோன் என்பது 1993 அரசாணைப்படி மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவு இவற்றை வைத்து, உறையவைக்காமல் செய்யும் ரொட்டி. கொஞ்சம் விலை கூடும், ஆனால் மேலே மொறுமொறு, உள்ளே மெத்து, வாங்கிய கையோடு முனையைப் பிய்த்துத் தின்றபடி நடப்பதுதான் அங்கே வழக்கம். நன்றாகச் சிவந்தது வேண்டுமென்றால் "பியன் குய்த்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

உணவகத்தில் தண்ணீர் என்று மட்டும் சொன்னால் காசுக்கு பாட்டில் வரலாம், "உய்ன் கராஃப் தோ" என்றால் குழாய்த் தண்ணீர், இலவசம். பில்லையும் நாம் கேட்டால்தான் தருவார்கள், சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியிருக்கும், டிப்ஸ் உங்கள் இஷ்டம்.

அப்புறம், பாடப்புத்தகத்தில் "ஜ ந சே பா" என்று படித்த "எனக்குத் தெரியாது", தெருவில் "ஷே பா" என்றுதான் காதில் விழும். நண்பர்களிடம் அப்படியே பேசலாம், கடைக்காரரிடம் மட்டும் "வூ" (மரியாதையான "நீங்கள்") போட்டே பேசுங்கள்.